பிள்ளையை அறியும் கல்வி



பெற்றோர் பிரிந்துவிட்டால் பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும்? மௌலவிமாரிடம் அடிக்கடி வரும் மஸ்அலா இது. பிக்ஹுக் கிதாபுகளில் ‘ஹழானா’ என்ற பாடத்தில் இதற்கு விடை உண்டு. சிறு பிராயத்தில் உரிமை தாய்க்கே முந்தியது. பிள்ளை ‘தம்யீஸ்’ எனும் பகுத்தறியும் பருவத்தை அடைந்தால், யாரிடம் இருக்க விருப்பம் என்று அதனிடமே கேட்க வேண்டும் என்பது நம் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. பெரும்பாலும் ஏழு, எட்டு வயதில் அது வரும் என்பர். ஆனால் வயது ஓர் அடையாளமே, அளவுகோல் பகுத்தறிவுதான்.

இந்தப் பாடத்தை ஒரு மணி நேரத்தில் கற்பித்துவிடலாம். ஆனால் முன்னால் நிற்கும் பிள்ளை விரும்பித்தான் சொல்கிறதா, பயந்து சொல்கிறதா, வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிளுக்காகச் சொல்கிறதா? இதை எந்தக் கிதாபைப் புரட்டி அறிவது?

பட்டதாரியான தம் மகள் ‘மனித விருத்தியும் குடும்பக் கல்வியும்’ என்ற துறையில் முதுமாணிப் படிப்புக்குப் போக விரும்புவதை ஒரு தகப்பனார் என்னிடம் சொன்னார். “பிள்ளை வளர்க்கவும் பட்டமா ஹஸரத்? எங்கட உம்மாமார் எந்தப் பட்டம் எடுத்தவங்க?” என்று கேட்டார். பிள்ளை வளர்ப்பது வேறு, பிறர் வீட்டுப் பிள்ளையின் நிலையறிந்து சொல்வது வேறு என்றேன்.

இத்துறை அமெரிக்காவில் மனைப்பொருளியலிலிருந்தும் சிறுவர் பற்றிய ஆய்விலிருந்தும் வளர்ந்தது. அயோவா மாநிலத்தில் 1917இல் சிறுவர் நல ஆய்வு நிலையம் ஒன்று அமைந்தது. சோளத்தையும் கால்நடையையும் ஆராய்ந்து மேம்படுத்தலாமென்றால் பிள்ளைகளுக்காக ஏன் ஆராயக் கூடாது என்று வாதாடி அதைப் பெற்றுத் தந்தவர் கோரா ஹில்லிஸ் என்ற ஒரு தாய்.

மேரி ஏன்ஸ்வர்த் என்ற அறிஞர் 1954இல் உகண்டா சென்று, 26 குடும்பங்களின் வீடுகளுக்கு மாதக் கணக்கில் போய்வந்து, தாயும் சேயும் பழகுவதை அவதானித்தார். பின்னர் பால்டிமோர் நகரிலும் ஆராய்ந்து, குறிப்பறிந்து நடக்கும் தாயிடமே குழந்தை அச்சமற்ற பிணைப்புக் கொள்கிறது என்று காட்டினார். யூரி புரொன்பென்பிரெனர் 1979இல் வெளியிட்ட நூலிலோ, பிள்ளை கால்வைக்காத இடமான பெற்றோரின் தொழில் தலமும் அதன் வளர்ச்சியைப் பாதிக்கும் என்று விளக்கினார். வாப்பா கட்டாரில், உம்மா சவூதியில், பிள்ளை உம்மும்மாவிடம் என்று வாழும் வீடுகளை அறிந்த நமக்கு இது விளங்காததா?

அங்கே சொல்லப்படும் எல்லாவற்றையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. ஹலால், ஹராம் நமக்கு வஹியின் மூலம் வந்தவை. ஆயினும் பிள்ளையை உற்று நோக்குவது நமக்குப் புதிதல்ல. இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் ‘துஹ்பதுல் மவ்தூத்’ என்ற நூலில் பிள்ளைக்குரிய சட்டங்களோடு, கருவிலிருந்து தொடங்கும் அதன் பருவங்களையும் எழுதினார்கள்.

சட்டம் சொல்ல நம்மில் ஆலிம்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் மனதறிந்து அவர்களுக்குச் சொல்லக் கூடியவர்கள்தாம் போதாது. உங்கள் மகள் இப்படியொரு படிப்பைக் கேட்டால், மறுப்பதற்கு முன் அந்த ஏழு வயதுப் பிள்ளையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.