பழைய ஸ்பீக்கருக்குப் பொருத்தம் பார்த்தல்

பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி யார் வீட்டுக்காவது வந்து சேர்ந்தால், பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "எத்தனை வாட்ஸ்?" எந்த வருடத்துச் சரக்கு, யார் செய்தது, எந்த அறையில் வைக்கப் போகிறார்கள் என்றெல்லாம் ஒருவரும் கேட்பதில்லை. அதற்குக் காரணமும் உண்டு. தொண்ணூறுகளில் டேப் ரெக்கார்டரின் நெற்றியில் "2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அதே பெட்டியைத் திருப்பிப் பின்னால் பார்த்தால், அது சாப்பிடும் மின்சாரம் முப்பதோ நாற்பதோ வாட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். நாற்பது வாங்கி இரண்டாயிரம் கொடுக்கும் வியாபாரம் உலகத்தில் எங்கும் கிடையாது. அந்த பேலன்ஸ் ஷீட்டில் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார் :-)

வாட்ஸை நம்பி மோசம் போனது நம்ம ஊர் ஆட்கள் மட்டுமல்ல. இங்கிலாந்தில், காசும் விவரமும் உள்ளவர்களே, அந்தக் காலத்தின் மிக நல்ல ஸ்பீக்கர் ஒன்றை ஓட்டை போட்டுக் கெடுத்திருக்கிறார்கள். அந்தக் கதையை முதலில் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

பீட்டர் வாக்கர் என்பவர் 1936இல், இருபது வயதில், லண்டனில் ஒரு சின்ன ஒலிக்கருவிக் கம்பெனி ஆரம்பித்தார். போர் வந்தது, குண்டு விழுந்தது, இடம் போனது. 1941இல் கேம்பிரிட்ஜ் பக்கம் ஹண்டிங்டன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார். மனிதர் இன்ஜினியர் மட்டுமல்ல, ஓய்வு நேரத்தில் ஃப்ளூட் வாசிப்பவர். அவருடைய ஆம்ப்ளிஃபயருக்கு 'குவாட்' என்று பெயர். (குவாலிட்டி யூனிட் ஆம்ப்ளிஃபயர் டொமெஸ்டிக் என்பதன் சுருக்கம் அது. வீட்டுக்கான ஆம்ப்ளிஃபயர் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார், கல்யாண மண்டபத்துக்கு அல்ல.) 1957இல் அவர் கம்பெனி ஒரு ஸ்பீக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குவாட் எலெக்ட்ரோஸ்டாடிக். சுருக்கமாக இஎஸ்எல்.

பார்த்தால் ஸ்பீக்கர் என்றே தோன்றாது. குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்க வைத்திருப்பார்களே, அந்த ரேடியேட்டர் மாதிரி அகலமாக, சற்றே வளைந்து நிற்கும். உள்ளே கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. துளையிட்ட இரண்டு தட்டுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தத் தாளில் எப்போதும் உயர் மின்னழுத்தம் நிற்கும். கீச்சுக்குரல் பகுதிக்கு 1500 வோல்ட், பேஸ் பகுதிக்கு 6000 வோல்ட். ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சிக்னலை ஸ்பீக்கருக்குள்ளேயே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெருக்கி அந்தத் தட்டுகளுக்குக் கொடுக்கும். தட்டுகள் தாளை இழுக்கும், தள்ளும். தாளுக்கு எடை என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால், அது இசையோடு அப்படியே ஓடும். பாடுகிறவரின் மூச்சு கேட்கும் என்று சொல்வார்கள். மிகையல்ல. பேஸ் கொஞ்சம் குறைவு, சத்தமும் ஓர் அளவுக்கு மேல் வராது. அது வேறு விஷயம்.

அது பிறந்த வருடத்தில் வாக்கரின் சொந்த ஆம்ப்ளிஃபயர் குவாட் டூ. 1953இல் வந்த வால்வு ஆம்ப், ஒன்றுக்கு 15 வாட்ஸ். வெறும் பதினைந்து! ஆனால் ஸ்பீக்கரைச் செய்தவரும் அவரே, ஆம்ப்ளிஃபயரைச் செய்தவரும் அவரே. ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், சண்டை வரவில்லை.

அறுபதுகளில் டிரான்ஸிஸ்டர் வந்தது. வால்வு மாதிரி சூடாகாது, வருடா வருடம் மாற்ற வேண்டாம், வாட்ஸும் மலிவு. இஎஸ்எல் வைத்திருந்தவர்களில் பலர் பழைய வால்வு ஆம்பை ஓரங்கட்டிவிட்டுப் புதுசு வாங்கினார்கள். இரண்டு விதமாக அடி விழுந்தது.

முதல் அடி ஆம்ப்ளிஃபயருக்கு. ஸ்பீக்கர் ஒவ்வொன்றும் ஆம்ப்ளிஃபயருக்கு எவ்வளவு தடை காட்டுகிறது என்பதைத்தான் ஓம் கணக்கில் சொல்கிறார்கள். இம்பீடன்ஸ் என்று பெயர். பின்னால் 8 ஓம் என்று எழுதியிருந்தாலும் அது சராசரிதான், சுரத்துக்குச் சுரம் மாறும். சாதாரண ஸ்பீக்கரில் இந்த மாற்றம் சமாளிக்கக் கூடியது. இஎஸ்எல் அடிப்படையில் ஒரு பெரிய கண்டென்சர். நடுச்சுரத்தில் 16 ஓம் பக்கம் சாதுவாக இருந்துவிட்டு, காதுக்கு எட்டும் மிக உயர்ந்த சுரங்களில் இரண்டு ஓம்முக்கும் கீழே இறங்கிவிடும். கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். வால்வு ஆம்புக்கு நடுவில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் பொறுத்துக்கொண்டது. ஆரம்பகால டிரான்ஸிஸ்டர் ஆம்ப்களில் சில நிலைகொள்ளாமல் தாமாகவே ஊளையிட்டன, சில உயிரையே விட்டன.

இரண்டாவது அடி ஸ்பீக்கருக்கு, இதுதான் கொடுமை. இஎஸ்எல் தாங்கும் உச்சம் ஏறத்தாழ 33 வோல்ட். அதற்கு மேல் போனால் தட்டுக்கும் தாளுக்கும் நடுவே தீப்பொறி பாயும், தாளில் துளை விழும். ஃபியூஸ் போனால் மாற்றலாம், கூம்பு கிழிந்தால் ஒட்டலாம். இதில் பேனலையே கழற்றிப் புதுத் தாள் இழுத்துக் கட்ட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கு. பிளஸ் டூ பிசிக்ஸ் போதும், காமர்ஸ் குரூப்காரர்களும் பயப்பட வேண்டாம். வாட்ஸை ஓம்மால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட். அதை 1.414ஆல் பெருக்கினால் உச்ச வோல்ட். குவாட் டூ, 16 ஓம்மில் 15 வாட்ஸ்: உச்சம் 22 வோல்ட். பத்திரம். 1967இல் வாக்கர் தன் முதல் டிரான்ஸிஸ்டர் பவர் ஆம்பை, குவாட் 303ஐ, வெளியிட்டார். 8 ஓம்மில் 45 வாட்ஸ், அதாவது உச்சம் 27 வோல்ட். 16 ஓம்மில் சற்றுக் கூடும். ஆனால் அதன் உள் மின்சப்ளையே 67 வோல்ட்டுக்கு மேல் ஏறாதபடி கட்டிப் போடப்பட்டது. அதில் பாதிதான் மேலும் கீழும் ஆட முடியும். எப்படித் திருகினாலும் 33ஐ ஒட்டியே நின்றுவிடும். எதிர்வீட்டு மாப்பிள்ளையின் சம்பளத்தைப் பார்க்காமல், தன் பெண்ணின் உடம்புக்கு எது ஆகும் என்று பார்த்துச் செய்த ஆம்ப்ளிஃபயர் அது.

பிறகு 1975இல் குவாட் 405 வந்தது. 100 வாட்ஸ். அதே கணக்கைப் போட்டால் உச்சம் 40 வோல்ட். தன் பழைய ஸ்பீக்கரையே பொசுக்கக் கூடிய ஆம்ப்ளிஃபயரை அதே கம்பெனி செய்துவிட்டது. சந்தை 100 வாட்ஸ் கேட்டது, கொடுக்காமல் இருக்க முடியாது. எனவே இஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்காக, 405க்குள்ளே வோல்ட்டை அடக்கி வைக்கும் ஒரு சர்க்யூட்டையும் சேர்த்துக் கொடுத்தார்கள். காசு கொடுத்து 100 வாட்ஸ் வாங்கி, அதில் பாதியை உள்ளேயே பூட்டி வைப்பது! ஸ்பீக்கரை நேசித்தவர்கள் அதையும் செய்தார்கள்.

இஎஸ்எல் ஒரு தனி ரகம், மற்ற பழைய ஸ்பீக்கர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று தோன்றலாம். தீப்பொறி இல்லை, அவ்வளவுதான். பொருத்தம் பார்ப்பது அங்கேயும் உண்டு, வேறு கட்டத்தில்.

கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டும் கூம்புக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். சவுண்ட் சர்வீஸ்காரரின் பெட்டி சின்னதுதான், பாட்டு அடுத்த ஊர் எல்லை வரை கேட்கும். கூம்பு காற்றைப் பிடித்துத் தள்ளும் விதம் அப்படி, கொடுத்த மின்சாரத்தை வீணாக்காது. அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ் என்பவர் அதே வித்தையை மடித்து மடித்து ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து, 1946 முதல் விற்றார். கிளிப்ஷ்ஹார்ன். அறையின் மூலையில்தான் வைக்க வேண்டும், இரண்டு சுவர்களே குழாயின் கடைசிப் பகுதி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 104 டெசிபல் அளவுக்குச் சத்தம் வரும்.

இன்னொரு பக்கம் பிபிசி, வெளியிடங்களில் ஒலிபரப்பு செய்யும் வேன்களுக்குள் வைக்க 1970களின் தொடக்கத்தில் வடிவமைத்த எல்எஸ் 3/5ஏ. செருப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும். மனிதக் குரலை இவ்வளவு நேர்மையாகச் சொல்லும் சின்னப் பெட்டி அபூர்வம். அதே ஒரு வாட்டுக்கு 83 டெசிபல்தான்.

104க்கும் 83க்கும் வித்தியாசம் 21. ஏதோ கொஞ்சம்தான் என்று தோன்றும். ஆனால் டெசிபலில் 3 கூட வேண்டுமென்றால் வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும். 21க்கு ஏழு தடவை இரட்டிக்க வேண்டும், ஏறத்தாழ 126 மடங்கு. கிளிப்ஷ்ஹார்ன் ஒரு வாட்டில் செய்வதை எல்எஸ் 3/5ஏ செய்ய 126 வாட்ஸ் வேண்டும், அதற்குள் அந்தச் சின்னப் பெட்டி கருகிவிடும். 50 வாட்ஸ் ஆம்பை விற்று 100 வாட்ஸ் வாங்குகிறவருக்குக் கிடைப்பது வெறும் 3 டெசிபல், வால்யூம் குமிழை ஒரு சின்னத் திருகு திருகிய மாதிரி. எகனாமிக்ஸில் குறைந்து செல் விளைவு விதி என்று படிப்பார்களே, அதன் காதால் கேட்கும் வடிவம் இது.

கிளிப்ஷ்ஹார்னுக்குப் பெரிய ஆம்ப் கொடுத்தால் என்ன ஆகும்? குமிழைப் பூஜ்யத்திலிருந்து ஒரு நூல் நகர்த்தியதுமே வீடு அதிரும். குமிழின் அந்த ஆரம்ப இடத்தில் இடது வலது ஒரே அளவாக இருப்பதும் அரிது. பாட்டு நின்ற இடைவெளியில் ஆம்ப்ளிஃபயரின் 'உஸ்ஸ்' சத்தம் குக்கர் மாதிரி கேட்கும். ஐந்து பத்து வாட்ஸ் வால்வு ஆம்ப், அதுவும் இரைச்சல் இல்லாத நல்ல ஆம்ப், அதற்குப் போதும்.

ஏஆர்-3ஏ இதற்கு நேர் எதிர். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்கர் வில்சர் தொடங்கிய அக்கவுஸ்டிக் ரிசர்ச் கம்பெனியின் சரக்கு, 1967இல் வந்தது. காற்றுப் புகாமல் மூடிய சின்னப் பெட்டியிலிருந்து பெரிய பேஸ் எடுக்கும் வித்தை அவர்களுடையது. அதற்கு விலையாகச் சத்தத் திறனை விட்டுக்கொடுத்தார்கள், இம்பீடன்ஸும் 4 ஓம். இதற்குச் சின்ன வால்வு ஆம்ப் கட்டினால் மூச்சு வாங்கும். 8 ஓம்முக்கு மட்டும் எழுதி விற்ற மலிவு ஆம்பைக் கட்டினால் அரை மணியில் ஆம்பின் மேல் தோசை வார்க்கலாம். வாட்ஸ் மட்டுமல்ல, கரண்ட் கொடுக்கத் தெம்புள்ள கனமான டிரான்ஸிஸ்டர் ஆம்ப் வேண்டும். தூக்கிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பெரிதாக இருந்தால் கை சொல்லும்.

குறைந்த வாட்ஸ் என்றால் பத்திரம் என்று நினைப்பதும் தப்பு. திணறும் சின்ன ஆம்பை முழுதாகத் திருகினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அந்தக் கரகரப்பில் உயர்சுரம் அதிகம், அது நேராகப் போய்ச் சுடுவது ட்வீட்டரை.

ஆக, பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இதைச் செய்தவர் தன் வீட்டில் எந்த ஆம்ப்ளிஃபயரில் கட்டிக் கேட்டிருப்பார்? அது தெரிந்தால் அதே ஆம்பைத் தேடி அலைய வேண்டும் என்பதில்லை, அதன் குணத்துக்குக் கிட்ட வரும் இன்றைய ஆம்ப் ஒன்று போதும். முதலில் ஸ்பீக்கரின் ஆரோக்கியத்தைப் பார்த்துவிடுவது நல்லது. எழுபதுகளின் பல ஸ்பீக்கர்களில் கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் பதினைந்து இருபது வருடத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். உள்ளேயிருக்கும் கண்டென்சர்களும் வயதானவை. அதைச் சரிசெய்யாமல் ஆம்பை மாற்றிக்கொண்டே இருப்பது, செருப்பில் ஆணி இருக்கும்போது ரோட்டைத் திட்டுவது மாதிரி.

1957 மாடல் இஎஸ்எல் 1985 வரை தயாரானது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் விற்றது. தாள் இழுத்துக் கட்டிப் பேனலைப் புதுப்பிக்கும் கைவேலைக்காரர்கள் ஐரோப்பாவில் இன்றும் இருக்கிறார்கள். பழைய 303க்கும் கண்டென்சர் மாற்றி மறுபடி ஓட விடுகிறார்கள். அப்படி ஒரு ஜோடி கைக்கு வந்தால், முதல் நாள் பாட்டுப் போடாமல் மின்சாரத்தில் மட்டும் செருகி வைத்து, உள்ளே உயர் மின்னழுத்தம் ஏறுவதற்கு நேரம் கொடுப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு, தாளிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். வரவில்லை என்றால், குமிழைக் கால்வாசிக்கு மேல் திருகாமல், ஒரு ஃப்ளூட் ரெக்கார்டு.