ஓடைக்கரையில் ஒரு பகல்

மீன்பிடித்தல் என்றதும் நம் இல்லங்களில் நினைவுக்கு வருவன வலையும் படகும் கெனேசரேத்து ஏரியுமே. வலையின்றி, புழுவுமின்றி, கோழியிறகையும் நூலையும் கொண்டு கட்டிய ஒரு பொய் ஈயினால் பிடிக்கப்படும் மீனும் உண்டு. டிரவுட் என்பது அதன் பெயர். அதனைத் தேடி நண்பர் ஒருவருடன் நீலகிரியில் ஒரு பகலைக் கழித்தேன்.

இம்மீன் நம் நாட்டுக்குரியதன்று. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் இயற்றிய மருத்துவர் பிரான்சிஸ் டே, 1863இல் இதனை நீலகிரிக்குக் கொணர முயன்று தோல்வியுற்றார். பின்னர் எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்க மேற்குக் கரைக்குரிய வானவில் டிரவுட் அம்மலையில் நிலைபெற்றது. நம் ஓடைகளின் சிறுமீன்களை அது இரையாக்கும் என்பதை அந்நாளில் பெரிதாக எண்ணவில்லை போலும்!

என் நண்பர் முடிச்சூரில் வாழ்பவர். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பொய் ஈ கட்டும் கலையை, தாம்பரம் இரயில்வே குடியிருப்பில் இருந்த ஆங்கிலோ இந்தியத் தோழர் ஒருவரிடம் இளமையிலேயே கற்றவர். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி ஓர் இரவும் பகலும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பொழிந்ததையும், அடையாறு முடிச்சூருக்குள் புகுந்ததையும் நாம் மறக்கவில்லை. நோயுற்ற மனைவியுடன் அவர் அன்றிரவு மொட்டை மாடியில் நனைந்தபடி அமர்ந்திருந்தார். சில மாதங்களில் அந்த அம்மையார் காலமானார். அதன்பின் அவர் தூண்டிலைத் தொடவில்லை. ஏரிக்கரை வழியே நடப்பதையும் விட்டுவிட்டார். எமரால்டுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பணிபுரியும் உறவினர் உரிய அனுமதி பெற்று அழைத்தபோதும், "நீங்கள் வந்தால் வருகிறேன் சாமி" என்றே சொன்னார்.

தூண்டிலைப் பற்றி நான் அறிந்தது சிறிதே. பையைச் சுமப்பது என் பொறுப்பு. அவரோ ஓடையை நெடுநேரம் நோக்கி நின்றார். டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்குமாம். மேலிருந்து மிதந்து வரும் பூச்சிகள் அதற்கு உணவு. ஆகவே அதன் பின்புறமாக, நம் நிழல் நீரில் விழாதபடி நெருங்க வேண்டும். பொய் ஈக்கு எடை இல்லை. கனத்த கயிறே அதனைச் சுமந்து செல்கிறது. அவர் கை பின்னே சென்று, ஒரு கணம் நின்று, முன்னே வந்தது. ஈ ஓசையின்றி நீரில் அமர்ந்தது. கயிறு இழுத்து அது சிறிது பிசகி மிதந்தாலும் மீன் ஐயுறும். இருபது முறை, முப்பது முறை வீசினார். என் பொறுமை தீர்ந்தது; அவர் பொறுமை தீரவில்லை.

நண்பகலுக்குப் பின் நீர் சுழித்தது. ஒரு சாண் நீளமுள்ள மீன், விலாவில் இளஞ்சிவப்புக் கோட்டுடன்! அதனைத் தொடுமுன் அவர் தம் கைகளை நனைத்துக்கொண்டார். உலர்ந்த கை பட்டால் மீனின் மேல்வழவழப்பு கெடுமாம். தூண்டில் முள்ளை நீக்கி, நீரோட்டத்தை நோக்கி அதனை ஏந்தியபடி முழங்காலளவு நீரில் நின்றார். நீர் குளிர்ந்திருந்தது. மீன் சென்ற பின்னும் கைகளை வெளியே எடுக்கவில்லை.

"அன்று மாடியிலும் தண்ணீர் இப்படித்தான் சில்லென்று இருந்தது, சாமி. அவள் கைகளை நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன்" என்றார்.

அவர் தம் துணைவியாரைப் பற்றி என்னிடம் பேசியது அன்றுதான். தேயிலைச் சரிவில் மஞ்சு இறங்கும் வரை பேசினார். நான் ஏதும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில், மேட்டுப்பாளையத்தில் நீலகிரி விரைவு வண்டிக்குக் காத்திருந்தபோது கேட்டார்: "முடிச்சூர் ஏரியில் இன்னும் விரால் இருக்குமா, சாமி?"