ஒலிக்கு ஓர் இடம்

இசை கேட்பதற்கு ஒரு ஹெட்ஃபோன், கணினி விளையாட்டுக்கு இன்னொன்று என்ற எண்ணம் இன்றைய கடைகளில் ஏறத்தாழ ஒரு விதியாகவே நிலைபெற்றுவிட்டது. அடக்கமான தோற்றம் கொண்டவை ஒரு தட்டில் இசைக்கென்றும், வண்ண விளக்குகள் மின்ன, வாயருகே மைக் நீள, பெட்டியின் மேல் ‘7.1’ என்ற எண் பெரிதாக அச்சிடப்பட்டவை மறு தட்டில் விளையாட்டுக்கென்றும் பிரித்து வைக்கப்படுகின்றன. ஆனால் இவ்விரு வேளைகளிலும் காது செய்யும் வேலையைக் கூர்ந்து நோக்கினால், இப்பிரிவினைக்கு அடிப்படை மிகக் குறைவு என்பது விளங்கும். பாடகரின் குரலுக்கு எப்பக்கத்தில் வயலின் ஒலிக்கிறது என்று உணர்வதும், சுவருக்கு அப்பால் எதிராளியின் காலடி எத்திசையில் நகர்கிறது என்று அறிவதும் ஒரே புலனின் ஒரே ஆற்றலால் நிகழ்பவை. அந்த ஆற்றலுக்கு ஊறு செய்யாத ஹெட்ஃபோன் இரண்டுக்கும் பொருந்தும். அது விலை மிகுந்ததாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு ஃபிலிப்ஸ் நிறுவனத்தின் எஸ்.எச்.பி. 9500 என்னும் மாதிரி நல்ல சான்றாகும்.

அமெரிக்கச் சந்தையில் 100 டாலருக்கும் குறைவான விலையில் பல ஆண்டுகள் விற்கப்பட்டு, இசை ஆர்வலரிடமும் விளையாட்டு ஆர்வலரிடமும் ஒருசேரப் பெயர் பெற்ற இம்மாதிரி, ‘திறந்த வகை’யைச் சேர்ந்தது. காதைச் சூழும் கிண்ணத்தின் வெளிப்புறம் மூடப்படாமல் வலைபோல் துளைகளுடன் இருப்பதையே திறந்த வகை என்கிறார்கள். ஒலியெழுப்பும் படலத்தின் பின்புறமிருந்து கிளம்பும் ஒலி கிண்ணத்துக்குள் மோதித் திரும்பாமல் வெளியேறிவிடுவதால், கேட்கும் ஒலியில் அடைபட்ட தன்மை இராது. 1968இல் ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்னும் மாதிரியின் வழியாக இவ்வமைப்பை அறிமுகப்படுத்தியபோது, ஹெட்ஃபோன் என்றாலே காதை இறுக மூடுவது என்றிருந்த வழக்கம் மாறியது.

குறைந்த விலையில் இத்தகைய தரம் எப்படி அமைகிறது என்ற ஐயம் இயல்பானது. ஹெட்ஃபோனின் உயிர்நாடியான ‘டிரைவர்’ என்னும் ஒலியெழுப்பி, அமைப்பில் மிக எளியது: மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, அதனோடு ஒட்டிய கம்பிச்சுருள் ஒன்று, சுருளைச் சூழ்ந்த காந்தம் ஒன்று. சுருளில் பாயும் மின்னோட்டம் மாறமாற அது காந்தப்புலத்தில் முன்னும் பின்னும் அசைகிறது. உடன் அசையும் படலம் காற்றை அதிரச் செய்கிறது. பேயர்டைனமிக் நிறுவனம் 1937இல் டி.டி. 48 என்னும் ஹெட்ஃபோனை உருவாக்கிய காலந்தொட்டு இத்தத்துவம் மாறவில்லை. 1980களில் நியோடிமியம் காந்தம் வந்தபின் சிறிய காந்தத்திலேயே பெரும் வலு கிடைத்தது. பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளில் தாழ்ந்த ஒலிக்கொன்று, உயர்ந்த ஒலிக்கொன்று எனப் பல டிரைவர்களை இணைத்துச் சமன்செய்யும் தொல்லையும் இங்கே இல்லை, காதுக்கு ஒன்றே போதும். ஆகவே நன்கு வடிவமைக்கப்பட்ட 50 மில்லிமீட்டர் டிரைவரை ஆயிரக்கணக்கில் செய்வதற்கு ஆகும் செலவு பெரிதன்று. விலை கூடக்கூட அந்தப் பணத்தில் கணிசமான பகுதி தோலுறைக்கும், உலோகச் சட்டத்துக்கும், இடவலம் இரு டிரைவர்களையும் இம்மியும் பிசகாமல் இணையாகத் தேர்வதற்கும் செல்கிறது.

இம்மாதிரியின் மின்மறுப்பு 32 ஓம்; அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு குறைவு. உணர்திறன், அதாவது சிறிதளவு மின்திறனுக்கு எவ்வளவு ஒலி எழும் என்னும் அளவு, 101 டெசிபல். ஆகவே தனியாக ஆம்ப்ளிஃபையர் வாங்க நேராமல், சாதாரணக் கணினியின் துளையிலோ கைப்பேசியிலோ செருகினாலே போதிய ஒலி கிட்டிவிடுகிறது. மலிவான ஹெட்ஃபோன் மலிவாகவே நிலைப்பதற்கு இது இன்றியமையாதது.

இனி, திசையறிதலைப் பற்றி. வலப்புறம் எழும் ஒலி வலக்காதுக்குச் சற்று முன்னும் இடக்காதுக்குச் சற்றுப் பின்னும் வந்து சேர்கிறது. இந்த இடைவெளி மிகுதியாக இருக்கும்போதுகூட ஒரு வினாடியை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஒரு கூறுக்கும் குறைவே. இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டை மூளை கணக்கிடுகிறது என்பது வியப்புக்குரியது. தாழ்ந்த ஒலிகளுக்கு இந்தக் கால வேறுபாடும், உயர்ந்த ஒலிகளுக்குத் தலை மறைப்பதால் உண்டாகும் வலுவின் வேறுபாடும் துணைசெய்கின்றன என்று இங்கிலாந்தின் ரேலி பிரபு 1907இல் விளக்கினார். முன்னா பின்னா, மேலா கீழா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் சொல்கின்றன. ஒலி எந்தக் கோணத்தில் வந்து மடிப்புகளில் பட்டதோ அதற்கேற்ப அதன் நிறம் சற்றே மாறுவதை மூளை குழந்தைப்பருவம் முதல் பழகி வைத்திருக்கிறது. ஹெட்ஃபோன் காதருகே அமர்ந்து இம்மடிப்புகளின் வேலையைப் பெரிதும் கெடுத்துவிடுவதால்தான் பாட்டு தலைக்குள்ளேயே ஒலிப்பதுபோல் தோன்றுகிறது. எஸ்.எச்.பி. 9500இல் டிரைவர் காதுக்கு இணையாக இல்லாமல் சற்றே சாய்த்துப் பொருத்தப்பட்டிருக்கிறது. கிண்ணமும் காதுமடலை அமுக்காத அளவுக்கு அகன்றது. இதனால் மடலுக்கு அதன் பழைய வேலையில் ஒரு பங்கேனும் திரும்பக் கிடைக்கிறது.

கர்நாடக இசைக் கச்சேரியில் இதன் பயன் நன்கு புலப்படும். மேடையை எதிரிலிருந்து பார்ப்போருக்குப் பொதுவாக மிருதங்கம் இடப்புறமும் வயலின் வலப்புறமும் அமையும். கவனமாகச் செய்யப்பட்ட ஸ்டீரியோ ஒலிப்பதிவில் இந்த அமர்வு அப்படியே காதில் விரியும். பாடகர் ஒரு சங்கதியை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில் வயலின் அதைத் தொட்டுத் தொடர்வது ‘வலப்புறமிருந்து ஒரு பதில்’ என்று கேட்கும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்னும் அடி மினுங்கி ஓய்வதும், ரவை பிசைந்து அப்பிய இடப்பக்கமான தொப்பியில் உள்ளங்கையின் அடிப்பாகம் அழுந்தி நகரும்போது எழும் கும்கி என்னும் ஒலி வளைந்து ஏறுவதும் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே பிரிந்து தெரியும். கும்கியின் அடியாழம் மட்டும் முழுமையாக இறங்குவதில்லை. திறந்த வகைக்குப் பொதுவான குறை அது. காதைச் சூழ்ந்த காற்று அடைபடாததால் மிகத் தாழ்ந்த ஒலிகள் வலுவிழந்து நிற்கின்றன. ஆயினும் வடிவம் தெளிவாக இருக்கும் ஒலி, வெறும் கனம் மிகுந்த ஒலியைவிட நீண்டநேரம் கேட்கத் தகுந்தது என்பதே சரியான மதிப்பீடாகத் தோன்றுகிறது.

திரைப்பாடல்களைப் பொறுத்தவரை, ஒலிப்பதிவின் காலத்தை ஒட்டிப் பலன் மாறுபடுகிறது. 1978இல் வெளிவந்த ‘பிரியா’ படத்தின் பாடல்கள் தமிழில் ஸ்டீரியோ முறைக்கு முன்னோடியாக அமைந்தவை. அதற்கு முந்தைய பாடல்களில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இரு காதுக்கும் ஒரே ஒலி செல்லும் முறையில் பதிவானவை. எந்த ஹெட்ஃபோனில் கேட்டாலும் அவை நெற்றிக்கு நடுவே ஒரே புள்ளியில்தான் நிற்கும். அங்கே இந்த ஹெட்ஃபோன் தருவது இடம் அன்று, அடுக்கு: குரலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த டபுள் பேஸின் நடையும், தபேலாவின் விரலோசையும் மேலெழுந்து வரும்.

விளையாட்டுக்கு வருவோம். ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ போன்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கண் காண்பது எதிரில் உள்ளதை மட்டுமே. மீதமுள்ள உலகம் முழுவதையும் காதுதான் காவல் காக்கிறது. மரப்பலகையில் ஓடும் காலடி, உலோகப் படியில் ஏறும் காலடி, தோட்டா மாற்றும் கிளிக் ஒலி ஆகிய மூன்றும் மூன்று செய்திகள். 2016இல் அவ்விளையாட்டின் ‘குளோபல் அஃபென்சிவ்’ பதிப்பில், தலையும் காதுமடலும் ஒலியில் செய்யும் மாற்றங்களைக் கணக்கிட்டு இரு காதுக்கும் தனித்தனியே தரும் வசதி சேர்க்கப்பட்டது. இவ்வாறு விளையாட்டே திசையைக் கணக்கிட்டுத் தரும்போது, ஹெட்ஃபோனிடம் வேண்டுவது அந்தக் கணக்கைக் குலைக்காத நேர்மை ஒன்றே. பெட்டியின் மேல் அச்சிடப்படும், சூழொலியைக் குறிக்கும் 7.1 என்பது பெரும்பாலான மாதிரிகளில் மென்பொருளின் பாவனை. உள்ளே இருப்பவை இரண்டே டிரைவர்கள். விளையாட்டின் கணக்கின்மேல் இந்தப் பாவனையையும் ஏற்றினால் காலடி எங்கும் பரவிக் கலங்குமே தவிரக் கூர்மை பெறாது. விளையாட்டே ஒலியின் திசையைத் தருவதற்கு, 2017இல் வெளியான ‘ஹெல்பிளேட்: செனுவாஸ் சாக்ரிஃபைஸ்’ என்னும் விளையாட்டு இன்னும் நுட்பமான எடுத்துக்காட்டு. அதன் நாயகியின் மனத்தில் ஒலிக்கும் குரல்கள் இருசெவி ஒலிப்பதிவு முறையில், அதாவது மனிதத் தலை போன்ற அமைப்பின் இரு காதுகளிலும் மைக் பொருத்திப் பதிவுசெய்யப்பட்டவை. ஹெட்ஃபோனில் கேட்கும்போது ஒரு குரல் பிடரியைச் சுற்றி நகர்ந்து மறு காதில் முணுமுணுக்கும். மனநோயின் துயரத்தை ஆடுபவர் தம் தோளருகிலேயே உணர்வார்.

திறந்த வகையின் இன்னொரு இயல்பை வாங்குவோர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும். உள்ளிருக்கும் ஒலி வெளியே கசிவதுபோல் வெளியோசையும் உள்ளே நுழையும். மின்விசிறியின் சத்தம், தெருவில் போகும் வண்டி, அடுக்களையில் குக்கர் விசில் எல்லாம் பாட்டோடு வந்து கலக்கும்; பேருந்துக்கும் ரயிலுக்கும் இது ஏற்றதன்று. வெளியோசையை அமுக்க ஒலியைக் கூட்டிக்கொண்டே போவது காதுக்குத் தீங்கு. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் பாதுகாப்பு எல்லை. அளவு கூடினால் நேரம் விரைவாகச் சுருங்கும். அதேவேளை, நம் வெப்பத்தில் மணிக்கணக்காக அணிவதற்குச் செயற்கைத் தோலைவிட இதன் துணி மெத்தையும் காற்றோட்டமும் பெரும் ஆறுதல். காதோரம் வியர்த்து ஒட்டுவதில்லை.

மைக் இதில் இல்லை. ஆனால் ஒயர் கிண்ணத்தோடு நிரந்தரமாகப் பிணைக்கப்படாமல் இடப்பக்கக் கிண்ணத்தின் 3.5 மில்லிமீட்டர் துளையில் செருகப்படுவதால், மைக் இணைந்த ஒயர் ஒன்றை வாங்கி மாற்றிக்கொள்ள முடியும். ஒயர் இற்றுப்போனாலும் ஹெட்ஃபோனைத் தூக்கியெறிய நேராது. புளூடூத் வழியாக வரும் ஒலி பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் பிந்துவதால், துப்பாக்கி வெடித்தபின் ஓசை கேட்கும் அவதி நேரும். ஒயரில் அது இல்லை. செருகுதுளை இல்லாத புதிய கைப்பேசிகளுக்கு மட்டும் ஒரு சிறு இணைப்பான் வேண்டும். மெத்தை நைந்தால் எளிதில் கழற்றி மாற்றும்படி இது செய்யப்படவில்லை என்பது உண்மையான குறையே. பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய டிரைவர், முதலில் தேய்ந்துபோகும் துணிக்காக மூலையில் கிடப்பது வருத்தத்துக்குரியது. பொறுமையும் கைத்திறனும் உள்ள சிலர் பழைய மெத்தையைப் பிரித்தெடுத்து, வேறு மெத்தையை ஒட்டி, அதே ஹெட்ஃபோனில் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள்.