உருவம் ஒன்று, தொழில் வேறு

பழைய மோட்டார் வண்டியை வைத்துப் பிழைப்பவர்க்கு உறுப்புகள் பழுதாவது பெரிய தொல்லையன்று. பழுதான உறுப்புக்கு ஈடாகக் கடையில் வாங்குவது அந்த வண்டிக்கு உரியதுதானா என்று தெரிந்துகொள்வதே பெரிய தொல்லை. விளக்கு மாறிப்போனால் வெளிச்சம் குறையும். கதவின் பிடி மாறிப்போனால் கதவு சரியாகச் சாத்தாது. அவற்றால் வரும் கேடு சிறிது. பிரேக்கில் ஓர் உறுப்பு மாறிப்போனாலோ உயிருக்கே மோசம் வரும். ஆதலால், பிக்கப் என்று எல்லாரும் வழங்கும் சிறு சரக்கு வண்டிகளில், பின்சக்கரப் பிரேக்குக்கு உரிய வால்வை இனங்காணும் முறையைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம். ஊரைவிட்டு வந்து இவ்வடநாட்டு நகரங்களில் இத்தகைய வண்டிகளால் ஜீவனம் செய்யும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு.

நாம் மோட்டார்த் தொழில் பயின்றவரல்லோம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு இரயில்வேயில் சேர்ந்து, நாகபுரியில் பண்டகசாலைக் கணக்கு எழுதி வருகிறோம். ஆயினும், ஒரே உருவமுள்ள எத்தனையோ இரும்புத் துண்டுகளை ஒன்றோடொன்று மயங்காமல் பிரித்து வைப்பதே எம் அன்றாட வேலையாதலால், இவ்விஷயத்தில் பேச எமக்கும் சிறிது உரிமையுண்டு என்று கருதுகிறோம்.

முதலில், இந்த வால்வு எதற்காக வந்தது என்பதைப் பார்ப்போம். ஓடும் பேருந்தில் நிற்பவர்கள், ஓட்டுநர் பிரேக் பிடித்தவுடன் முன்னோக்கிச் சாய்வதை நாம் நாள்தோறும் காண்கிறோம். வண்டியின் பாரமும் அவ்வாறே முன்பக்கம் சாய்கிறது. முன்சக்கரங்கள் தரையில் அழுந்துகின்றன, பின்சக்கரங்கள் இலேசாகின்றன. இலேசான சக்கரத்தைச் சற்று அதிகமாக அழுத்திப் பிடித்தால் அது சுழலாமல் நின்று தரையில் வழுக்கத் தொடங்கும். வழுக்கும் பின்சக்கரம் தன் நேர்கோட்டை இழந்துவிடும். அப்பொழுது வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் சுழன்று முன்னே வரப்பார்க்கும்.

பிக்கப் வண்டிக்கு இந்த ஆபத்து மற்ற வண்டிகளைவிட அதிகம். எஞ்சினும் ஓட்டுநர் அறையும் முன்னே உள்ளன. பின்னே இருப்பது வெறும் தொட்டி. சரக்கு இல்லாதபோது பின்சக்கரங்களின்மேல் பாரம் மிகக் குறைவு. சரக்கு ஏற்றிவிட்டாலோ பாரத்தின் பெரும்பகுதி அவற்றின் மேலேயே விழுகிறது. ஆக, காலி வண்டிக்குப் போதுமான பின்பிரேக் நிறைவண்டியை நிறுத்தாது. நிறைவண்டிக்கு வேண்டிய பின்பிரேக் காலி வண்டியைச் சுழற்றிவிடும். ஓட்டுநரின் கால் ஒன்றுதான். அடைபட்ட திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் பதினேழாம் நூற்றாண்டிலேயே கண்டார். பிரேக் ஆயிலும் அந்த விதிப்படி முன்னும் பின்னும் ஒரே அழுத்தத்தைத்தான் கொண்டுபோகும். நடுவே நின்று பின்பக்கத்துக்கு இவ்வளவு போதும் என்று அளந்துவிட ஒரு காவற்காரன் வேண்டும். அந்தக் காவற்காரனே இந்த வால்வு.

இதில் இரண்டு வகை முக்கியமானவை. முதல் வகையில், ஓர் அளவு வரையில் அழுத்தம் முன்னும் பின்னும் சமமாகச் செல்லும். அவ்வளவைத் தாண்டியபின் பின்பக்கம் செல்வது ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறையும். சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதன் கணக்கு ஒன்றே. இரண்டாம் வகை பாரத்தை அறிந்து நடக்கும். வால்வு வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். அதிலிருந்து ஒரு நெம்புகோலோ ஸ்பிரிங்கோ பின் அச்சுக்குச் செல்லும். சரக்கு ஏறினால் சட்டம் தாழ்ந்து அச்சை நெருங்கும். நெம்புகோல் அசைந்து, பின்பக்கத்துக்கு அதிக அழுத்தம் செல்ல வழிவிடும். சரக்கு இறங்கினால் சட்டம் உயரும்; வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். கடைகளில் இதனை எல்.எஸ்.பி.வி. என்ற எழுத்துகளால் குறிப்பிடுகிறார்கள்.

இரயில்வே அன்பர்களுக்கு இது புதிதன்று. நிலக்கரி ஏற்றும் பாக்ஸ்-என் சரக்குப் பெட்டி காலியாக ஏறக்குறைய 22½ டன் எடையுள்ளது. சரக்கோடு 81 டன்னைத் தாண்டும். இரண்டு நிலையிலும் ஒரே பிரேக் பிடித்தால் காலிப் பெட்டியின் சக்கரம் சுழலாமல் தண்டவாளத்தில் தேய்ந்து தட்டையாகும். அதற்காகவே 'காலி', 'நிறை' என்று மாற்றி வைக்கும் கைப்பிடியைப் பெட்டிகளில் அமைத்தார்கள். பின்னர் வந்த பெட்டிகளில் பாரத்தைத் தானே அறிந்துகொள்ளும் கருவியை வைத்தார்கள். பிக்கப்பில் இருப்பதும் அதே தத்துவந்தான்.

இனி, இவ்வளவும் எமக்குத் தெரிய நேர்ந்த காரணத்தைச் சொல்கிறோம். எம் மைத்துனர் 1997ஆம் ஆண்டு செய்யப்பட்ட பிக்கப் ஒன்றைக் கடன் பெற்று வாங்கி ஓட்டி வந்தார். ஆரஞ்சுக் காலத்தில் காட்டோல் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து நாகபுரியின் கலம்னாச் சந்தைக்குப் பழம் ஏற்றுவார். மற்ற மாதங்களில் கிடைத்த சரக்கை ஏற்றுவார். அவர் மனைவியும் இரு குழந்தைகளும் அந்த வண்டியை நம்பியே இருந்தார்கள். 2019ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காட்டோலில் உர மூட்டைகளை இறக்கிவிட்டு, மழையில் வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். எருமையொன்று சாலையில் குறுக்கிட்டது, பிரேக் பிடித்தார். வண்டி நிற்பதற்குப் பதிலாகச் சுழன்று, சாலைக்குக் குறுக்காகத் திரும்பி, சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் பின்பக்கத்தால் மோதி நின்றது. எதிரே லாரி ஏதும் வராதது குடும்பத்தின் புண்ணியம்.

வேகமாக வந்திருப்பார் என்றே எல்லாரும் சொன்னார்கள். எம் குடியிருப்புக்கு அருகே பட்டறை வைத்திருக்கும் முதிய மிஸ்திரி மட்டும் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தார். "அண்ணா, இங்கே வந்து பாருங்கள்" என்று எம்மை அழைத்துக் காட்டினார். சட்டத்தில் இரண்டு துளைகளோடு ஒரு தாங்கி வெறுமையாக இருந்தது. பின் அச்சில் துளையிட்ட ஒரு சிறு காதும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒன்றுமில்லை. வால்வு ஒழுகியபோது, முன்பு யாரோ ஒரு பட்டறைக்காரர் அதைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழாயை நேராக இணைத்திருக்கிறார்! பிரேக் நன்றாகப் பிடிப்பதாகவே அதன்பின் ஓட்டியவர்களுக்குத் தோன்றியிருக்கும். சரக்கோடு ஓடியவரையில் குறை தெரியவில்லை.

மறுநாள் மைத்துனரோடு உறுப்புக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் மூன்று வால்வுகளை மேசைமேல் வைத்து, எது வேண்டுமானாலும் பொருந்தும் என்றார். மூன்றும் கைக்கடக்கமான உலோகக் கட்டிகளே. ஆனால் மிஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலாவதில் நெம்புகோலே இல்லை. அது பாரம் அறியாத வகை. அச்சில் காது இருப்பதால் எம் வண்டிக்கு அது ஆகாது. இரண்டாவதில் நெம்புகோல் இருந்தது. ஆனால் குழாய் பொருத்தும் வாய்கள் கூடுதலாக இருந்தன. அத்தகைய வால்வுக்கு முன்சக்கரக் குழாயிலிருந்தும் இணைப்பு வேண்டும். முன்பிரேக் செயலிழந்துவிட்டால், பின்பக்கத்துக்கு முழு அழுத்தத்தையும் விட்டுவிடும் ஏற்பாடு அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான், ஆனால் எம் வண்டியின் குழாய்கள் அதற்கேற்ப அமையவில்லை. மூன்றாவதில் நெம்புகோலும் சரி, வாய்களும் சரி. மைத்துனர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார். மிஸ்திரி கொடுத்தனுப்பிய பழைய குழாய் மரையைத் திருகிப் பார்த்தால் அதுவும் ஏறியது. ஆனால் தளர்ச்சியாக ஆடிற்று.

இங்கேதான் பலர் ஏமாறுவது. பிரேக் குழாய் மரைகளில் 10 மில்லிமீட்டர் அளவு ஒன்று உண்டு. அங்குலக் கணக்கில் 3/8 அளவு ஒன்று உண்டு. 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். இரண்டின் புரி இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் அங்குல மரை மில்லிமீட்டர் வாயில் ஏறிவிடும்; ஏறினாலும் பிடிப்பு இராது. அவசரத்தில் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதிக்கும் நாளில் அது பிடுங்கிக்கொள்ளும். குழாய் நுனியின் மடிப்பும் அவ்விரு முறைகளிலும் வேறுபடக்கூடும்.

"அத்தான், மரைதானே! வேறு மரை போட்டுக் குழாயையும் மாற்றிவிடலாமே?" என்றார் மைத்துனர். குழாயை மாற்றிவிடலாம், ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் பலத்தை எப்படி அறிவது? எந்த அழுத்தத்தில் குறைக்கத் தொடங்குவது, எவ்வளவு குறைப்பது என்பவை வெளியே தெரியா. முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டிக்கு ஒரு கணக்கு, டிரம் பிரேக் உள்ளதற்கு வேறு கணக்கு. வண்டியின் நீளத்துக்கும் ஏற்றும் பாரத்துக்கும் தக்கபடி மேலும் வேறு கணக்கு. வால்வின் உடலில் வார்த்திருக்கும் எண்ணை நம்புவதும் போதாது. ஒரே அச்சில் வார்த்த உடலுக்குள் பலவிதமான ஸ்பிரிங்குகளை வைப்பதுண்டு. தனியாகப் பொறித்த எண் அல்லது ஒட்டிய சீட்டின் எண்ணே உறுப்பின் உண்மையான எண்.

எம் பண்டகசாலையில் யாரும் "அந்த மாதிரி வால்வு ஒன்று" என்று கேட்டு வாங்க முடியாது. ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு இலக்கப் பி.எல். எண் உண்டு, அந்த எண்ணோடு கோரிக்கைச் சீட்டு வந்தால்தான் பொருள் வெளியே போகும். அதே முறையை இங்கும் கைக்கொண்டோம். வண்டியின் சேஸிஸ் எண்ணைச் சட்டத்திலிருந்தே பார்த்து எழுதி, தயாரிப்பாளரின் உறுப்புப் பட்டியல் வைத்திருந்த விற்பனையாளரிடம் கொடுத்தோம். பதிவுப் புத்தகத்தில் உள்ள வண்டிப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஒரே ஆண்டிலேயே உறுப்புகள் மாறுவதுண்டு. சேஸிஸ் எண்தான் அதைப் பிரித்துக் காட்டும்.

உரிய வால்வு வெளியூரிலிருந்து வரப் பதினொரு நாளாகும் என்றார்கள். "பதினொரு நாள் வண்டி நின்றால் தவணையை எப்படிக் கட்டுவேன், அத்தான்?" என்று மைத்துனர் கலங்கினார். அது நியாயமான கேள்விதான். எம் மனைவியார் யாதொன்றும் பேசாமல் தம் சீட்டுப் பணத்தை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தார். வண்டி பதினொரு நாள் வாசலிலேயே நின்றது.

வால்வு வந்த பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. மிஸ்திரி நெம்புகோலின் நிலையைக் கைந்நூலில் சொன்ன அளவுக்கு அமைத்தார்; குழாய்களில் புகுந்த காற்றை முழுவதும் வெளியேற்றினார். அதன்பின் திறந்த வெளியில், காலி வண்டியை மெதுவாக ஓட்டிப் பிரேக் பிடித்து, பின்சக்கரம் முந்தி நின்றுவிடவில்லை என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே சாலைக்கு அனுப்பினார். முன்னைய சொந்தக்காரர் அதிகச் சரக்குக்காகக் கூடுதலாகச் செருகியிருந்த கமான் பட்டை ஒன்றையும் கழற்றினார். அதன் காரணத்தை அன்பர்கள் கவனிக்க வேண்டும். பட்டை கூடினால் சரக்கு ஏறினாலும் சட்டம் போதிய அளவு தாழாது. வால்வோ வண்டி காலியாக இருப்பதாக எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். நிறைபாரத்தோடு மலைச்சரிவில் இறங்கும்போது இதைவிடக் கொடிய பகை வேறில்லை.

பழைய பிக்கப் வைத்திருக்கும் அன்பர்கள் இன்றே வண்டியின் அடியில் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: பின் அச்சில் காது இருக்கிறதா, அதிலிருந்து நெம்புகோல் வால்வு வரையில் செல்கிறதா? செல்லாவிடில், வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் மழையில் காலியாக ஓட்டாதீர்கள். சேஸிஸ் எண், முன்பிரேக்கின் வகை, குழாய்வாய்களின் எண்ணிக்கை, பழைய வால்வில் பொறித்த எண் ஆகிய நான்கையும் குடும்ப அட்டையோடு வைத்திருக்கும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கடைக்காரரின் பாஷை நமக்குச் சரியாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அந்த நான்கையும் அப்படியே நீட்டினால் போதும். "இதுவும் பொருந்தும்" என்று அவர் சொல்லும்போது, வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்தத் தாளிலிருந்து நமக்குக் கிடைக்கும்.