தட்டுக்கு முன் ஊசி

பழைய இசைத்தட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாடகரைப் பற்றிப் பேசுவார்கள். பெட்டியைப் பற்றியும் பேசுவார்கள். ஊசியைப் பற்றிப் பேசுவது குறைவு. தட்டைப் பாடவைப்பதும் அதுதான், அதன் குரலை அறுப்பதும் அதுதான்.

வாப்பா விட்டுப்போன தட்டுகள் எங்கள் வீட்டில் 40க்கு மேல் இருக்கின்றன. 2015இல் மறைந்த நாகூர் ஹனீபாவின் சிறிய தட்டுகள், சில எல்.பி.கள், அவற்றுக்கும் மூத்த 78 சுற்று அரக்குத் தட்டுகள் ஏழெட்டு. இவற்றில் இரண்டு பாட்டுகளை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவை போனால் போனதுதான்.

தட்டுகளைத் தொட எங்களுக்கு அனுமதி இருந்தது. ஊசியைத் தொட இல்லை. “விரல் வைக்காதீங்க மகன், அது கண் மாதிரி” என்பார் வாப்பா. சத்தத்தை முற்றாகக் குறைத்துவிட்டு, சித்திரம் வரையும் மெல்லிய தூரிகையால் பின்னாலிருந்து முன்னாக ஒரே இழுப்பு. ஒருபோதும் எதிர்ப்பக்கமாகத் துடைக்கமாட்டார். அதன் காரணம் எனக்குப் பின்னர்தான் விளங்கியது. ஊசி ஒரு மெல்லிய தண்டின் நுனியில் நிற்கிறது. தட்டு சுழலும்போது ஊசியை உரசிச் செல்லும் திசையும் அதுவே. எதிராகவோ பக்கவாட்டிலோ துடைத்தால் தண்டு வளையும், சிலவேளை முறியும்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் புது ஊசி கிடைப்பது அரிதாயிற்று. தேய்ந்த ஊசி தட்டில் துள்ளும். துள்ளாதிருக்க அதன் தலையில் காசுக் குற்றியை வைத்துப் பாட்டுக் கேட்ட வீடுகள் ஊரில் பல. நான்கைந்து கிராம் பாரம் போதுமான ஊசிக்கு ஒரு ரூபாய்க் குற்றி மேலும் ஏழு கிராமளவு சுமையானது. யாரையும் குறைசொல்ல முடியாது. பாட்டின்மேல் இருந்த ஆசைதான் அப்படிச் செய்யவைத்தது. ஆனால், அந்த வீடுகளிலிருந்து பின்னர் எங்களிடம் வந்துசேர்ந்த தட்டுகளில், குரல் உயரும் இடமெல்லாம் கரகரக்கிறது. தூசென்றால் ‘டிக், டிக்’ என்று கேட்கும், கழுவினால் போகும். இந்தக் கரகரப்பு போகாது. தேய்ந்த வைரம் உளியாகிப் பள்ளத்தின் சுவரையே செதுக்கிவிட்டது.

அண்மையில் ராத்தாவின் மகன் புதிதாக ஒரு றெக்கோட் பிளேயர் வாங்கினான். வாப்பாவின் பாட்டுகளைக் கணினியில் பதிந்து வைக்கவேண்டும் என்று வந்தான். நல்ல எண்ணம். ஊசியைப் பார்க்கவேண்டும் என்றேன்.

“ஒரு தடவ போட்டா என்ன நடக்கும் மாமா?”

எல்.பி.யின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். அதற்குள் ஊசி கடக்கும் தூரம் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் என்று கணக்குச் சொன்னேன். கெட்ட ஊசிக்கு அந்த ஒரு தடவை போதும்.

அவனுக்குச் சொன்னவை இவைதான். ஒவ்வொரு பக்கத்துக்கும் முன் உலர்ந்த தூரிகை. அழுக்கு ஒட்டியிருந்தால், ஊசி செய்தவர் தடுக்காதவிடத்து, தூரிகை நுனியில் மட்டும் ஒரு துளி ஐசோபுரோப்பைல் மதுசாரம். அது தண்டின் வழியே மேலேறக் கூடாது. அரக்குத் தட்டில் மதுசாரம் படவே கூடாது; அரக்கு அதில் கரையும். வைர ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1000 மணித்தியாலம். பழைய நீலக்கல் ஊசிக்கு அதில் பத்திலொரு பங்கும் வராது. உருப்பெருக்குக் கண்ணாடியில் தூசு தெரியும். தேய்வைக் காண நுணுக்குக்காட்டி வேண்டும். ஆகவே மணிக்கணக்கை எழுதிவைப்பதே வழி.

அரக்குத் தட்டுகளுக்கு வேறு ஊசி வேண்டும் என்றதும் அவன் முகம் சுருங்கியது. எல்.பி. ஊசியின் முனை ஆரை 18 மைக்குரோன் அளவு. 78 தட்டின் அகன்ற பள்ளத்துக்கு ஏறக்குறைய 75 வேண்டும். சிறிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். அந்த இரண்டு பாட்டுகளும் அரக்குத் தட்டில்தான் இருக்கின்றன.

இரண்டு மாதம் காசு சேர்த்து அந்த ஊசியையும் வாங்கினான். இரண்டு பாட்டுகளும் இப்போது கணினியில் இருக்கின்றன. தட்டுகள் அவனிடமேதான். பிளேயரின் பக்கத்தில் ஒரு கொப்பி கிடக்கிறது. அதில் ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனிப் பக்கம், திகதி, மணிக்கணக்கு.