வேட்டை நாய்க்கு முதல் பாடம்: திரும்பி வருவது

சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைக் கண்ணால் கண்டதும் பாயும் இனங்கள். அந்த வேகம்தான் நமக்குப் பெருமை, அவற்றுக்கு ஆபத்தும் அதுதான். பாலாற்றங்கரை வயல்களிலும் வைக்கோல் போரிலும் எலி இருக்கும். எலி இருக்கும் இடத்துக்கு நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். "நாய்க்குப் பாம்பு தெரியாதா, தானே விலகிவிடும்" என்கிறார்கள். அப்படியானால் மோந்து பார்க்கப் போய் மூக்கிலும் முகத்திலும் கடி வாங்கும் நாய்கள் ஏன் இத்தனை? புதிதாய் அசைவதை நெருங்கிப் பார்ப்பது நாயின் இயல்பு. விலகுவதை நாம்தான் பழக்க வேண்டும். வாலாஜாபாத் மாதிரி வயல் சூழ்ந்த ஊரில் இது விருப்பத்தைப் பொறுத்த விஷயமே அல்ல.

அமெரிக்காவில் உயிருள்ள பாம்பைக் காட்டி, கழுத்துப்பட்டையில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்குகிறார்கள். இங்கே அது வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உரிய அனுமதியில்லாமல் பாம்பைப் பிடித்து வைக்க விடாது. முயல் வேட்டையும் குற்றம்தான். "வேட்டையே இல்லையென்றால் பயிற்சி எதற்கு?" என்று கேட்கலாம். சட்டம் மனிதனைத் தடுக்கும், நாயின் ரத்தத்தில் உள்ள துரத்தலைத் தடுக்காது. குட்டியிலிருந்தே "வா", "விடு" என்ற இரண்டு சொல்லுக்கும் தின்பண்டம் கொடுத்துப் பழக்குங்கள். பாதி ஓட்டத்தில் கூப்பிட்டாலும் திரும்ப வேண்டும். அதுவரை வயலில் கயிற்றைக் கழற்றாதீர்கள். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். 1978-இல் தொடங்கிய, பாம்பு பிடிக்கும் இருளர்களின் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் எடுத்துத் தரும் விஷத்திலிருந்து தயாராகும் முறிமருந்து நாயையும் காப்பாற்றும். உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.