வானத்திலும் குடும்பங்கள்

 

பிறை பார்ப்பதற்காக நாம் வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். பிறை தென்பட்டதும் வீட்டுக்குள் போய்விடுகிறோம். அந்தப் பிறைக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா?

நான் விஞ்ஞான ஆசிரியன் அல்லன். அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டுப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு மௌலவி. என்னை இந்த விடயத்துக்குள் இழுத்து வந்ததே ஓர் அரபுக் கிதாபுதான். 964ஆம் ஆண்டளவில் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூபி என்ற பாரசீக அறிஞர் நட்சத்திரங்களைப் பற்றிப் படங்களோடு ஒரு நூல் எழுதினார். அதில் ஓரிடத்தில், சிறு மேகம் போன்று மங்கலாகத் தெரியும் ஒன்றைக் குறித்து வைத்தார். அது என்னவென்று அந்தக் காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை.

அது மேகமல்ல. நமது சூரியனைப் போன்ற கோடானுகோடி நட்சத்திரங்கள் சேர்ந்த ஒரு விண்மீன் திரள். அந்திரொமீடா என்று இன்று அதை அழைக்கிறார்கள். நாம் வாழும் விண்மீன் திரளுக்குப் பால்வீதி என்று பெயர். இரண்டும் வெவ்வேறானவை என்பது உறுதியாகத் தெரியவர 1920கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கரான எட்வின் ஹபிள்தான் அந்தச் சிறு மேகம் நமது பால்வீதிக்கு வெகுதொலைவில் இருப்பதை அளந்து காட்டினார்.

அளப்பதற்கான கோலை அவருக்குக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. ஹென்றியெற்றா லெவிட் என்பது அவரது பெயர். சில நட்சத்திரங்கள் ஒரு குறித்த நாட்கணக்கில் பிரகாசமாகி மங்கி, மீண்டும் பிரகாசமாகும். அந்த நாட்கணக்கு நீளமாக இருந்தால் நட்சத்திரத்தின் உண்மையான ஒளியும் அதிகம் என்பதை அவர் 1912இல் எடுத்துக் காட்டினார். ஒரே அளவான இரண்டு குப்பிலாம்புகளில் ஒன்று மங்கலாகத் தெரிந்தால் அது தூரத்தில் இருக்கிறது என்று நாம் சொல்லிவிடுவோம் அல்லவா? அதே கணக்குத்தான். அந்திரொமீடா ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. இன்று நாம் காணும் அதன் ஒளி, 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது.

இந்த விண்மீன் திரள்கள் தனித்தனியே அலைந்து திரிவதில்லை. பால்வீதி, அந்திரொமீடா இரண்டோடும் 50க்கு மேற்பட்ட சிறு திரள்கள் சேர்ந்து ஒரே கூட்டமாக இருக்கின்றன. ஒன்றின் ஈர்ப்பு மற்றொன்றைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்திரொமீடா செக்கனுக்குச் சுமார் 110 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. பயந்துவிடாதீர்கள்! இரண்டும் ஒன்றோடொன்று கலப்பதாக இருந்தாலும் அதற்குப் பல நூறு கோடி ஆண்டுகள் செல்லும். கட்டாயம் கலக்கும் என்றுதான் முன்பு சொன்னார்கள். அடுத்த 1000 கோடி ஆண்டுகளில் கலக்கவும் கூடும், கலக்காமலும் போகக்கூடும் என்று 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

நம்முடையது சின்னக் குடும்பம். ஆயிரத்துக்கு மேற்பட்ட திரள்கள் சேர்ந்த பெருங்குடும்பங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை 1933இல் பிரிட்ஸ் சுவிக்கி என்ற அறிஞர் ஆராய்ந்தார். அதிலுள்ள திரள்கள் அவர் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிச் சுழற்றுங்கள். வேகம் கூடக் கூடக் கயிறும் பலமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் தெறித்துப் போகும். அங்கே தெரிந்த நட்சத்திரங்களின் ஈர்ப்பையெல்லாம் கூட்டிப் பார்த்தாலும் அந்த வேகத்தைத் தாங்கும் கயிறு கிடைக்கவில்லை. ஆனாலும் கூட்டம் கலையாமல் இருந்தது. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத வேறு ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்றார் அவர். அதைக் 'கரும்பொருள்' என்கிறார்கள். அது எதனால் ஆனது என்பதை இன்றுவரை எவரும் கண்டறியவில்லை.

பல வருடங்களாக அவரது பேச்சைப் பெரிதாக எடுத்தவர்கள் குறைவு. நிலைமையை மாற்றியவரும் ஒரு பெண்மணிதான். அமெரிக்காவைச் சேர்ந்த வீரா ரூபின், 1928இல் பிறந்து 2016இல் காலமானவர். அவர் மேற்படிப்புக்குப் போக விரும்பிய காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வானியல் பிரிவு பெண்களைச் சேர்க்கவில்லை. 1975 வரை அந்த வாசல் மூடியே இருந்தது. அவர் வேறிடத்தில் இரவு வகுப்புக்குப் போனார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கணவர் அவரைக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை காருக்குள்ளேயே இரவுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக் காத்திருப்பார். சிறு பிள்ளைகளை அவரது பெற்றோர் பார்த்துக்கொண்டார்கள். அப்படிப் படித்து 1954இல் அவர் முடித்த ஆய்வு எதைப் பற்றியது தெரியுமா? விண்மீன் திரள்கள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கவில்லை, கூட்டம் கூட்டமாகச் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பற்றியதுதான்!

பின்னர் 1970இல், கென்ட் போர்ட் என்பவரோடு சேர்ந்து, அஸ்ஸூபி குறித்து வைத்த அதே அந்திரொமீடாவின் சுழற்சியை அளந்து வெளியிட்டார். நடுவிலிருந்து வெகுதூரத்தில், ஓரத்தில் உள்ளவையும் வேகம் குறையாமல் சுழல்வதைக் கண்டார். வேறு பல திரள்களிலும் அவ்வாறே இருந்தது. அதன் பிறகுதான் கரும்பொருளை உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. அவரது நான்கு பிள்ளைகளும் கலாநிதிப் பட்டம் பெற்றார்கள்.

சகோதரிகளே! இதை நான் சொல்ல வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இந்த விடயத்தை வகுப்பில் சொன்ன அன்று ஒரு மாணவி, "மௌலவி, நமக்கும் இதெல்லாம் படிக்க ஏலுமா?" என்று கேட்டாள். கணிதத்தில் கெட்டிக்காரி. உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிப்பதானால் பஸ் ஏறிப் பட்டணத்துப் பாடசாலைக்குப் போக வேண்டும். அவளது வாப்பாவிடம் பேசினேன். "படிப்பு வேணாமெண்டு நான் சொல்லல்ல மௌலவி. உம்மா வெளிநாட்டில. வீட்டில சின்னதுகள் ரெண்டு. இவள் பின்னேரம் மட்டும் வராட்டி யாரு பாக்கிறது?" என்றார். அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இல்லையா? புத்திமதி சொல்லி அவரது கஷ்டத்தைத் தீர்க்க என்னால் முடியாது. ரூபினின் கணவரையும் பெற்றோரையும் பற்றி மட்டும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது, பாடசாலை நாட்களில் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் அந்தச் சின்னவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மூத்தம்மா, ஒரு சாச்சி, ஒரு பக்கத்து வீட்டுத் தாத்தா. உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். இன்றைக்கே ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.

சிலி நாட்டின் மலையொன்றில் வீரா ரூபினின் பெயரால் ஒரு பெரிய அவதான நிலையம் எழுந்திருக்கிறது. 2025 ஜூனில் அது வெளியிட்ட முதற் படங்களில் ஒன்று, நம்மிலிருந்து சுமார் 5½ கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் திரள்களின் பெருங்கூட்டம் ஒன்றைக் காட்டியது. கரும்பொருளைப் பற்றி அறிவதும் அந்த நிலையத்தின் வேலைகளில் ஒன்று.

அந்திரொமீடாவைப் பார்க்க அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. டிசம்பர் மாதத்தில் மழை விட்ட, நிலவில்லாத ஓர் இரவில், இஷாவுக்குப் பின் வெளிச்சமில்லாத ஓர் இடத்தில் வடக்கு நோக்கி நின்று உயரப் பாருங்கள். கண் இருளுக்குப் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள். புகை படிந்தது போல ஒரு மங்கல் தெரியும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெண் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள்.